ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு வடிசாலை: முளைக்களம் முதல் பீப்பாய் வரை எங்கே பார்க்கலாம்?

பரிதி

கிளாஸ்கோவிலிருந்து இரண்டு பகல், ஓர் இரவு. அவ்வளவுதான் நேரம். ஒரே ஒரு மால்ட் விஸ்கி வடிசாலைக்குத்தான் போக முடியும். மாதிரிக் குவளைகளும் கடையும் முக்கியமில்லை. பார்லி முளைகட்டுவதிலிருந்து பீப்பாயில் அடைப்பது வரை ஒரே வளாகத்தில் நடக்க வேண்டும், அதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஐலா தீவா, ஸ்பேசைடா, வேறெங்காவதா? அங்கே எதைக் கவனிக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

நெய்தல்_கரை

கின்டையர் தீபகற்பத்தின் தென்கோடியில் கேம்பல்டவுன். அங்கே ஸ்பிரிங்பேங்க். உங்கள் நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இன்று பெரும்பாலான வடிசாலைகள் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, பெரிய ஆலைகளிலிருந்து லாரியில் வாங்குகின்றன. தரையில் பரப்பி முளைகட்டும் பழைய முறையை ஐலாவில் பௌமோர், லஃப்ரோய்க், கில்ஹோமன், ஸ்பேசைடின் டஃப்டவுனில் பால்வெனி போன்ற சில இடங்கள் விடாமல் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் தேவையில் ஒரு பங்குதான் சொந்தத் தரையில் முளைக்கிறது, மீதி வெளியிலிருந்து வருகிறது. ஸ்பிரிங்பேங்கில் முழுவதும் சொந்தத் தரை. காய்ச்சுவது, பீப்பாயில் அடைப்பது, புட்டியில் நிரப்புவது எல்லாம் அதே வளாகம். 1828இல் தொடங்கியது, தலைமுறை தலைமுறையாக மிட்செல் குடும்பத்தின் வழியில் வந்தது.

இன்னொரு வசதி: ஒரே வடிசாலை மூன்று வகை விஸ்கி காய்ச்சுகிறது. ஸ்பிரிங்பேங்க் மால்ட்டுக்குச் சுமார் 6 மணி நேரம் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் மக்கிய செடிமண்) புகை காட்டி, பிறகு வெறும் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். லாங்ரோவுக்கு 48 மணி நேரம் வரை பீட் புகை. ஹேசல்பர்னுக்குப் புகையே கிடையாது. எந்த மாற்றம் சுவையை எங்கே தள்ளுகிறது என்று ஒரே கூரையின் கீழ் ஒப்பிடலாம்.

பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அன்று முளைக்களத்தில் பார்லி பரப்பியிருக்குமா? அன்று காய்ச்சி வடிக்கும் செப்புக் கலன்கள் எரியுமா? பராமரிப்புக்காகக் காய்ச்சலை நிறுத்தும் வாரங்கள் எல்லா வடிசாலைக்கும் உண்டு, பல இடங்களில் அது ஜூலை, ஆகஸ்டில் வரும். முளைகட்டலும் காய்ச்சலும் எப்போதும் சேர்ந்தே நடக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வெறும் தரையையும் ஆறிப்போன செம்பையும் பார்க்க 130 மைலுக்கு மேல் போவது வீண்.

கழனி

முளைக்களத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுவதுதான் அடிப்படை, அளவுதான் டன் கணக்கு.

உள்ளே வரும் பார்லியில் ஈரம் 12 விழுக்காடு. ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் கட்டி, வடித்து, காற்றாட விட்டு, திரும்பக் கட்டி, இரண்டு மூன்று நாளில் அதை 45 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவருவார்கள். நடுவில் காற்றாட விடாமல் மூழ்கியே வைத்தால் வித்து மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்த வித்து முளைக்காது, பூசணம்தான் பிடிக்கும்.

பிறகு தரையில் ஏறக்குறைய ஒரு சாண் கனத்துக்குப் பரப்புவார்கள். முளைக்கும் தானியம் தானே சூடாகும். அதனால் குளிர்காலத்தில் கனமாக, வெயில் நாளில் மெல்லியதாக. சன்னல் திறப்பதும் மூடுவதும்கூட வேலையின் பகுதி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், மரப்பலகையால் புரட்ட வேண்டும். புரட்டத் தவறினால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும், அடியில் வெப்பம் ஏறி ஒரு பக்கம் முற்றும், மறுபக்கம் பிஞ்சாக நிற்கும். காலமெல்லாம் பலகை பிடித்தவர்களுக்கு ஒரு தோள் தொங்கிப்போகும். அதற்கு அங்கே ‘மங்கி ஷோல்டர்’ என்றே பெயர்.

ஐந்திலிருந்து ஏழு நாளில் பதம் வரும். ஒரு மணியை எடுத்து உமியை நீக்கி விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டிபோல மாவாகப் பரவினால் பதம். நுனியில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. உமிக்குள்ளே ஓடும் முளை, மணியின் நீளத்தில் முக்கால் பங்கு வந்திருக்க வேண்டும். அதைத் தாண்டவிட்டால் சாராயமாக வேண்டிய மாவுச்சத்தைச் செடியே தின்றுவிடும். களத்துக்காரரிடம் கேட்டால் ஒரு பிடி கையில் கொடுப்பார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

உலர்த்தும் சூளையில் பீட் புகை ஏறுவது மணியின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும் வரைதான். காய்ந்த மணியில் எவ்வளவு புகைத்தாலும் ஒட்டாது. அதனால்தான் பீட் எப்போதும் முதலில். தழல் எழாமல் புகை மட்டும் வர, ஈரமான பீட் தூளை நெருப்பின் மேல் தூவுவார்கள். ஈரம் இருக்கும்போதே சூட்டை ஏற்றிவிட்டால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துப்போகும், அந்த மால்ட் கழிவுதான். கடைசியில் ஈரம் 4, 5 விழுக்காட்டுக்கு இறங்கும்.

அடுப்படி

கழனி சொன்னதெல்லாம் சரி. ஆனால் பரிதி, ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். தரையில் முளைத்ததா, ஆலையில் முளைத்ததா என்பது குவளையில் தெரியும் வித்தியாசங்களில் கடைசி இடத்தில்தான் நிற்கும். கண்ணுக்கு அழகான வேலை, மரியாதைக்குரிய உழைப்பு, மறுக்கவில்லை. சுவை பிறக்கும் இடம், மால்ட் சாற்றை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் ஊறல் தொட்டியும் செப்புக் கலனும். சுற்றிக்காட்டும் பயணங்களில் அந்த இரண்டு இடத்தில்தான் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். நீங்கள்தான் கேள்வி கேட்டு நிறுத்த வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். மால்ட்டை அரைத்தால் உமி 20, நொய் 70, மாவு 10. பெரும்பாலும் இந்த விகிதம்தான். மாவு கூடினால், அரைத்ததை வெந்நீரில் கரைக்கும் கூழ்த்தொட்டியின் அடித்தட்டு அடைத்துக்கொண்டு சாறு இறங்காது. உமி கூடினால் தண்ணீர் சர்க்கரையை எடுக்காமல் ஓடிவிடும். உமிதான் அங்கே வடிகட்டி.

ஸ்பிரிங்பேங்கின் கூழ்த்தொட்டி வார்ப்பிரும்பு, மேல் மூடி கிடையாது, ஒரு தடவைக்குச் சுமார் மூன்றரை டன். முதல் தண்ணீர் விழுந்து கலக்கும்போது கூழ் 63, 64 டிகிரியில் நிற்க வேண்டும். அதற்கு மேல் நாலைந்து டிகிரி போனாலே ஈஸ்ட்டுக்குப் பிடித்த சர்க்கரையைத் தரும் நொதி சாகத் தொடங்கும். இரண்டாம் தண்ணீர் இன்னும் சூடு, மூன்றாவது அதைவிடச் சூடு. கடைசித் தண்ணீர் வீணாகாது, அடுத்த கூழுக்கு முதல் தண்ணீராகப் போகும். தொட்டியில் மிஞ்சும் சக்கை அக்கம்பக்கத்து மாடுகளுக்கு.

சாறு தெளிவாக இறங்குகிறதா, கலங்கலாக இறங்குகிறதா என்று கேளுங்கள். தெளிந்த சாறு பழவாசனைப் பக்கம் போகும், கலங்கல் கொட்டைப் பருப்பு வாசனைப் பக்கம். தொட்டியை அவசரமாக வடிக்கும் இடங்களில் கலங்கல்தான்.

இனி முக்கியமானது. பீருக்குச் சாற்றைக் கொதிக்க வைப்பார்கள், விஸ்கிக்குக் கொதிக்க வைப்பதில்லை. அதனால் நொதிகளும் பால்புளிப்புப் பாக்டீரியாவும் உயிரோடு ஊறலுக்குள் போகின்றன. 48 மணி நேரத்தை ஒட்டி ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிடும். சாராய அளவு மட்டும் போதும் என்றால் அங்கேயே நிறுத்தலாம், பல வடிசாலைகள் நிறுத்தவும் செய்கின்றன. அதற்குப் பிறகுதான் பாக்டீரியா எழுந்து புளிப்பும் பழவாசனையும் சேர்க்கிறது. ஸ்பிரிங்பேங்கில் லார்ச் மரத் தொட்டிகள் ஆறு. ஊறல் 100 மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. சாராய அளவோ 5 விழுக்காட்டை ஒட்டித்தான், மற்ற இடங்களில் 8 வரும். குறைந்த சர்க்கரை, நீண்ட ஊறல், மரத்தில் குடியிருக்கும் பாக்டீரியா. இந்த மூன்றுதான் அந்த வடிசாலையின் கையெழுத்து என்பேன்.

ஒரு எச்சரிக்கை. மூடியைத் திறந்து முகரச் சொன்னால் தலையை உள்ளே விடாதீர்கள். அங்கே நிற்பது கரியமில வாயு. மூக்கில் ஊசி குத்தியதுபோல எரியும், ஆழமாக இழுத்தால் தலை சுற்றி விழுவார்கள். கையால் விசிறி மூக்குப் பக்கம் கொண்டுவந்தால் போதும்.

கழனி

அடுப்படி, தரை கடைசி இடம் என்பதை ஏற்க முடியாது. புகை எவ்வளவு, எப்போது, எந்த ஈரத்தில் என்பதைத் தன் சூளையில் தானே தீர்மானிப்பது சிறிய விஷயமா? ஒரே பார்லியிலிருந்து மூன்று வகை வருவதே அந்தக் கட்டுப்பாட்டால்தானே.

அடுப்படி

சூளைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலைக்கு எழுதிக் கொடுத்தால் அவர்களும் கேட்ட பீனால் (புகை வாசனைச் சத்து) அளவுக்குப் புகைத்துத் தருகிறார்கள். ஐலாவில் பல வடிசாலைகள் அப்படித்தான் வாங்குகின்றன, புகைக்குப் பேர் போன விஸ்கிகளும் அதில் சேர்த்தி. அதோடு மூன்று வகைக்கும் காரணம் புகை மட்டுமில்லை, காய்ச்சும் கணக்கும் மாறுகிறது. லாங்ரோ இரண்டு முறை, ஹேசல்பர்ன் மூன்று முறை, ஸ்பிரிங்பேங்க் இரண்டரை முறை.

பரிதி

இரண்டரை முறை என்றால்? பாதிக் காய்ச்சல் எப்படி?

அடுப்படி

கலன்கள் மூன்று. முதல் கலனில் ஊறலைக் காய்ச்சினால் 20 விழுக்காட்டுப் பக்கத்தில் ஒரு தண்ணிச் சாராயம் வரும், ‘லோ ஒயின்ஸ்’ என்பார்கள். அதில் பெரும்பகுதியை இரண்டாம் கலனில் இன்னொரு முறை காய்ச்சி வேறு தொட்டியில் வாங்குவார்கள். சிறு பகுதியை அப்படியே ஒதுக்கி வைப்பார்கள். மூன்றாம் கலனுக்குப் போகும் கலவையில் 80 பங்கு இரண்டாம் கலனில் வந்தது, 20 பங்கு ஒதுக்கி வைத்தது. ஆக, கடைசியில் வரும் சரக்கில் ஒரு பகுதி மூன்று முறை காய்ந்தது, ஒரு பகுதி இரண்டு முறை. அதைத்தான் இரண்டரை என்கிறார்கள்.

முதல் கலனின் அடியைக் கட்டாயம் பாருங்கள். எண்ணெய்ச் சுடர் நேரடியாக அடிப்பாகத்தைச் சுடுகிறது, உள்ளே நீராவிக் குழாயும் உண்டு. நேரடித் தீயில் ஊறலின் கசடு அடிப்பிடிக்கும். பால் காய்ச்சுகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைத் தடுக்கத்தான் கலனுக்குள் செப்புச் சங்கிலி சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கரகர சத்தம் கேட்டால் கலன் எரிகிறது என்று பொருள்.

கழுத்தில் ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும், நுரை ஏறுவதைப் பார்க்க. நுரை அதைத் தாண்டினால் ஊறலே பொங்கி மறுபக்கம் போய்விடும், உடனே தீயைக் குறைக்க வேண்டும். சாளரம் வராத காலத்தில் கயிற்றில் கட்டிய மரக்குண்டைக் கழுத்தில் மோதவிட்டு, சத்தத்தை வைத்தே நுரை எங்கே நிற்கிறது என்று சொன்னார்கள்.

இரண்டாம் கலனின் ஆவி மட்டும் பழைய முறையில் குளிர்கிறது: தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் செப்புக் குழாய். ஆவி சீக்கிரம் நீராகிவிடுவதால் செம்போடு உரசும் நேரம் குறைவு, கந்தக வாசனை கொஞ்சம் தங்கும். சரக்கு கனமாக, இறைச்சிச் சாறு போன்ற அடர்த்தியோடு வரும். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் கலனே செம்பு.

யாழ்மணல்

எங்கட பக்கம் தென்னஞ்சாராயம் வடிக்கிற இடங்களில தலை வடி, கடை வடி கழிக்கிறதைக் கேள்விப்பட்டிருப்பியள். ஸ்கொட்லாந்தில அதை எந்தக் கணக்கில பிரிக்கினம்? நாக்கில வைச்சுப் பார்க்கேலாது எண்டு சொல்லுகினம், பெட்டி பூட்டியிருக்குமாம்.

அடுப்படி

ஆமாம் யாழ்மணல். பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டி, பூட்டு போட்டது. வரி ஏய்ப்பைத் தடுக்க 1820களில் வந்த ஏற்பாடு. சரக்கைக் கையால் தொடாமல் வெளியே இருக்கும் கைப்பிடிகளைத் திருப்பித்தான் எல்லாம் நடக்கும். உள்ளே அடர்த்திமானியும் வெப்பமானியும் இருக்கும்.

தலை வடிக்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. வடியும் சரக்கோடு பெட்டிக்குள்ளேயே தண்ணீர் கலந்து 45.7 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவார்கள். பால்போலக் கலங்கினால் இன்னும் தலை வடி. முந்தைய காய்ச்சலின் கடைசியில் குழாயில் படிந்த எண்ணெய்ச் சத்தை இந்தக் காட்டமான சரக்கு கரைத்துக்கொண்டு வருகிறது, தண்ணீர் பட்டதும் அது பிரிந்து நிற்கிறது, அதுதான் கலங்கல். கலங்கல் தெளிந்ததும் கைப்பிடியைத் திருப்பி நடு வடியை எடுக்கத் தொடங்குவார்கள். பத்து நிமிடத்திலும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம்.

கடை வடிக்கு எங்கே திருப்புவது என்பதுதான் ஒவ்வொரு வடிசாலையின் தீர்மானம். பெரும்பாலும் சாராய அளவு 60 விழுக்காட்டுக்குச் சற்று மேலோ கீழோ. சீக்கிரம் திருப்பினால் மெல்லிய, பழவாசனைச் சரக்கு. தாமதித்தால் தோல், புகை, மண்வாசனை ஏறும், இன்னும் போனால் ஈரநாய் நாற்றம். பீட் வாசனையின் கனமான பகுதி பின்னால்தான் வரும் என்பதால் புகை விஸ்கிக்குக் கொஞ்சம் தாமதித்தே திருப்புவார்கள். தலையும் கடையும் கொட்டப்படுவதில்லை, அடுத்த காய்ச்சலில் திரும்பச் சேரும்.

சுற்றிக்காட்டுபவரிடம் “எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை நடு வடி?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும்.

யாழ்மணல்

விளங்குது, நன்றி அண்ணை. அங்க ஓக் மரம் மட்டும்தான், எங்கட சாராயத்துக்கு ஹல்மில்ல மரத் தொட்டியள். மரம் மாறினா எல்லாம் மாறும்.

நெய்தல்_கரை

மரம் என்றதும் கிடங்குக்குப் போவோம். சட்டப்படி ஓக் பீப்பாய், 700 லிட்டருக்கு மிகாமல், ஸ்காட்லாந்துக்குள்ளேயே குறைந்தது மூன்று ஆண்டு. அமெரிக்காவில் போர்பன் என்ற அந்நாட்டுச் சோள விஸ்கியைக் கரியேற்றிய புதிய ஓக்கில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஒருமுறை பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் அங்கிருந்து கப்பல் கப்பலாக வருகின்றன. ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மது) பீப்பாய் 500 லிட்டர். முன்பு ஷெர்ரியையே பீப்பாயில் ஏற்றி அனுப்பினார்கள், காலியானது விஸ்கிக்குப் போனது. 1980களில் ஸ்பெயின் அதை நிறுத்தியபின், விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பழக்கிய பீப்பாய்கள்தான். “முதல் நிரப்பா, எத்தனையாவது நிரப்பு?” என்று கேட்பது, “எத்தனை வருடம்?” என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

பழைய கிடங்குக்கு மண் தரை, கனத்த கல் சுவர், மூன்று அடுக்குக்கு மேல் கிடையாது. 63.5 விழுக்காட்டுச் சாராய வீரியத்தில் அடைப்பது பொது வழக்கம். ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது. 250 லிட்டர் ஊற்றினால் 12 ஆண்டில் ஏறக்குறைய 196 மிஞ்சும், 18 ஆண்டில் 174. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தண்ணீரைவிடச் சாராயம் கூடுதலாகப் போய், வருடத்துக்கு வருடம் வீரியம் இறங்கும். 40க்குக் கீழே போனால் அது சட்டப்படி விஸ்கியே அல்ல. பெங்களூரில் அம்ருத் வடிசாலையில் ஆண்டு இழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது, அதனால்தான் அங்கே நாலைந்து வருடத்திலேயே மரத்தின் சுவை முழுதும் இறங்கிவிடுகிறது. வயதை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கிடங்குச் சுவரும் பக்கத்து மரங்களும் கரி பூசியதுபோலக் கறுத்திருக்கும். தீ விபத்து அல்ல, ஆவியாகும் சாராயத்தைத் தின்று வளரும் பூஞ்சை.

சாலைவழி

போக்குவரத்து. கிளாஸ்கோவிலிருந்து 926 பேருந்து நேராகக் கேம்பல்டவுன் போகும், நான்கு மணி நேரத்துக்கு மேல். வண்டி எடுத்தால் ஏ82, பிறகு ஏ83. ‘ரெஸ்ட் அண்ட் பி தேங்ஃபுல்’ கணவாயில் மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடுவது வழக்கம். கிளம்பும் காலையில் நிலவரம் பார்த்துவிடுங்கள், சுற்றிப் போனால் நேரம் வெகுவாகக் கூடும். கிளாஸ்கோவிலிருந்து சிறு விமானமும் உண்டு, காற்றும் பனிமூட்டமும் இருந்தால் ரத்தாகும். முதல் நாள் மாலை போய்த் தங்கி, மறுநாள் காலை முதல் சுற்றுக்குப் பதிவு செய்வதுதான் பத்திரம்.

ஸ்காட்லாந்தில் குடித்து ஓட்டும் வரம்பு 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தின் 80ஐ விடக் குறைவு. ஒரு குவளையே சிலருக்கு அதிகம். ஓட்டுபவர் என்று சொன்னால் உங்கள் பங்கைச் சிறு சீசாவில் ஊற்றிக் கையில் தருவார்கள், பெரும்பாலான வடிசாலைகளில் இது வழக்கம்தான்.

பரிதி

எல்லோருக்கும் நன்றி. கலன் அறையில் படம் எடுக்கலாமா? திரும்பும்போது பெட்டியில் புட்டி வைக்க எதாவது வரம்பு?

சாலைவழி

கலன் எரியும்போது சாராய ஆவி காற்றில் இருக்கும். பல இடங்களில் கைபேசியை அணைக்கச் சொல்வார்கள், உள்ளே நுழையும் முன் கேட்டுவிடுங்கள். படிகள் செங்குத்து, இரும்புத் தட்டுகள் வழுக்கும், மூடிய காலணி போடுங்கள்.

விமானத்தில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரக்கு எந்தப் பெட்டியிலும் கூடாது. 24க்கு மேல் 70 வரை உள்ளதை அடைத்த புட்டியில் ஒருவர் 5 லிட்டர் கொண்டுபோகலாம். இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் 2 லிட்டர்.

கழனி

பரிதி, போகும் நாளில் களத்தில் பார்லி இருந்தால் எத்தனையாவது நாள் பரப்பு என்று கேட்டு, ஒரு மணியைத் தேய்த்துப் பாருங்கள். மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே தெரியும். இரண்டு களத்தில் இரண்டு வயதுப் பரப்பு இருந்தால் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அடுப்படி

ஊறல் தொட்டியிலும் அதையே செய்யுங்கள். ஆறு தொட்டியும் வெவ்வேறு மணி நேரத்தில் நிற்கும். 20 மணி நேரத்து ஊறலையும் 90 மணி நேரத்து ஊறலையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். முதலாவது ரொட்டி மாவு வாசம், இரண்டாவது புளித்த பழவாசம். தலையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.